மடைமுக்கு வரப்பு

முருகேஸ்வரி பிறவிச் சந்தேகக்காரி. பால்காரன் ஊற்றிவிட்டுப் போன பாலை நகத்தில் ஒரு சொட்டு விட்டு, ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுப்பில் ஏற்றுவாள். ரேஷன் கடையில் எடை எந்திரத்தைப் பார்க்கமாட்டாள். எடை போடுகிறவரின் கை எங்கே இருக்கிறது என்று பார்ப்பாள். கடற்கரையிலிருந்து ஷேர் ஆட்டோவில் மீன் கொண்டுவரும் அந்தோணியம்மாள், இந்த வாசலுக்கு வந்தால் மட்டும் கேட்காமலே செவுளைத் தூக்கிக் காட்டிவிடுவாள். கழுத்தில் ஏறிய தாலியையே கல்யாணப் பந்தலில் உரசிப் பார்த்தவள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அது பொய். ஆனால் கேட்டவர்கள் யாரும் நம்பாமல் போனதில்லை.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு சந்தேகத்தை மட்டும் வாய்விட்டுக் கேட்காமல் வருஷக்கணக்காக உள்ளே வைத்துப் பூட்டியிருந்தாள். புருஷன் மாசானம் கொலை செய்தாரா இல்லையா என்பதுதான் அது.

ஊர், தாமிரபரணி கடலில் சேர்வதற்குச் சற்று மேலே, திருச்செந்தூர் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. நெல்லும் வாழையும்தான் பிழைப்பு. மாசானத்தின் வயலும் அவருடைய பெரியப்பா மகன் சிவனணைந்தபெருமாளின் வயலும் ஒட்டி ஒட்டிக் கிடந்தன. நடுவில் ஒரு வரப்பு. அந்த வரப்பு வாய்க்கால் மடையை நெருங்கும் இடத்தில் லேசாக வளையும். அந்த வளைவுக்கு மடைமுக்கு என்று பெயர். ஒரு கட்டில் போடுகிற இடம்தான். ஆனால் மடைமுக்கு யார் பக்கம் இருக்கிறதோ அவர் வயலுக்குத்தான் முதல் தண்ணீர். ஒவ்வொரு நடவுக்கும் வரப்பு செதுக்குகிற சாக்கில் பெருமாள் ஒரு கை மண்ணை இந்தப் பக்கம் தள்ளுவார், மாசானம் போய் அதை அந்தப் பக்கம் தள்ளுவார். இப்படியே இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது.

உண்மையைச் சொன்னால் மாசானம் வாயில்லாப் பூச்சி. அவரை வரப்புக்கு விரட்டிக்கொண்டிருந்தது முருகேஸ்வரிதான். பனங்காயையும் பங்காளியையும் பதம் பார்த்து வெட்டணும் என்று ஒரு சொலவடை உண்டல்லவா, அதை டீக்கடை வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சொன்னவள். மடைமுக்கை விட்டுக்கொடுத்துவிட்டு வந்தால் வீட்டில் சோறு கிடையாது என்றும் சொல்லியிருந்தாள். சும்மா சொல்கிறவள் இல்லை என்பது மாசானத்துக்குத் தெரியும்.

சில வருஷத்துக்கு முன்னால் கார்த்திகை மாதம் ஒரு சாயங்காலம், மாசானம் மம்பட்டியை வாய்க்காலில் கழுவி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. கேட்காமலே சொன்னார்.

"மடைமுக்குச் சோலி முடிஞ்சிட்டு. இனிமே அண்ணன் சண்டைக்கு வரமாட்டான்."

எப்படி முடிந்தது என்று முருகேஸ்வரி துருவினாள். முடிந்தது என்றால் முடிந்ததுதான் என்று சொல்லிவிட்டு அவர் கட்டிலில் சாய்ந்துகொண்டார். அவள் துணிகளை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் குளிக்கப் போய்விட்டு, ஈரத் தலையோடு இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பினாள்.

சந்தேகம் அவளைத் தூங்கவிடுமா? விடிந்ததும் மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனாள். அங்கே பார்த்தால் மடைமுக்கு வரப்பு முழுசாக இவர்கள் வயலுக்குள் தள்ளிக் கிடந்தது. வெட்டிய மண்ணின் ஈரம்கூடக் காயவில்லை. சோலி முடிந்த லட்சணம் இதுதானா என்று அவளுக்கு வயிறு எரிந்தது. புருஷன் வீட்டுக்குத் திரும்பியதும் பெருமாள் தன் வேலையைக் காட்டிவிட்டார் என்று நினைத்தாள். சேலையைச் செருகிக்கொண்டு வரப்பைப் பழைய இடத்துக்கே வெட்டிப் போட்டாள். மம்பட்டியைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்து உலையும் வைத்தாள்.

அரிசி வேகுவதற்குள் ஊர் வாய்க்கால் பக்கம் ஓடியது. மடைக்குக் கீழே சம்புக் கோரை மண்டிய இடத்தில் சிவனணைந்தபெருமாள் தலை பிளந்து கிடந்தார். செத்தது முந்தின நாள் சாயங்காலமே என்றார்கள். அவர் செல்போன் வைத்துக்கொள்ளாத மனிதர். பெண்டாட்டி செத்த பிறகு பல ராத்திரி மோட்டார் அறையிலேயே படுத்துக்கொள்வார். அதனால் யாரும் தேடவில்லை. ஒரே மகன் மகாராஜா தூத்துக்குடி துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். தகவல் சொல்லி அவன் வந்து சேர்ந்தபோது ஊரே கூடி நின்றது.

முருகேஸ்வரிக்குக் கை கால் ஓடவில்லை. மனசு மட்டும் ஓடியது. பெருமாள் வரப்பை வெட்டியிருக்கிறார், இவர் பார்த்திருக்கிறார், மம்பட்டி கையில் இருந்திருக்கிறது. சோலி முடிஞ்சிட்டு என்றால் இதுதானா? இனிமே சண்டைக்கு வரமாட்டான் என்றால் இதுதானா?

போலீஸ் வந்தது. மடைமுக்கில் புதிதாக வெட்டிய வரப்பைப் பார்த்தார்கள், கழுவி வைத்த மம்பட்டியைப் பார்த்தார்கள், டீக்கடையில் பனங்காய் சொலவடையையும் யாரோ சொல்லிக்கொடுத்தார்கள். மாசானத்தை ஜீப்பில் ஏற்றினார்கள். விடியற்காலையில் வரப்பை வெட்டியது தான்தான் என்று முருகேஸ்வரி சொல்லவில்லை. சொன்னால் அவர் செய்ததற்குத் தானும் கூட்டு என்று ஆகிவிடும் என்று பயந்தாள். அவரும் தலையைத் திருப்பி அவளை ஒரு பார்வை பார்த்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை. அந்தப் பார்வையை அவள் மறந்ததே இல்லை. குற்றம் செய்தவன் பார்வை என்றுதான் அதை எடுத்துக்கொண்டாள்.

பாளையங்கோட்டை ஜெயிலில் சில மாதம் இருந்துவிட்டு மாசானம் ஜாமீனில் வந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததற்குக் குடித்தனம் என்று பெயர் வைக்க முடியாது. போலீஸ் எடுத்துப்போன மம்பட்டிக்குப் பதில் வாங்கிய புதியதை அவர் பரண் மேல், அவளுக்கு எட்டாத உயரத்தில் வைத்தார். மம்பட்டியைப் பார்க்கவே அவருக்கு உறுத்துகிறது என்று அவள் நினைத்தாள். முன்பெல்லாம் தட்டில் விழுந்ததும் அள்ளிப் போடுகிறவர், இப்போது அவள் ஒரு வாய் சாப்பிடுகிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தார். செய்த பாவம் சோற்றை இறங்கவிடவில்லை என்று அதற்கும் அவள் ஒரு அர்த்தம் வைத்திருந்தாள். ராத்திரி அவள் அடுக்களைக்குள் படுத்து உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இங்கே அரண்டவள் ஒரு பக்கம் என்றால், அவர் மட்டும் என்ன, நிம்மதியாகவா இருந்தார்.

அந்தோணியம்மாளுக்கு எல்லாம் தெரியும்; மீன்காரிக்குத் தெரியாத வீடு ஏது. ஒருநாள் விளைமீனைச் செதில் எடுத்துக் கொடுத்தபடியே சொன்னாள்.

"ஏளா, கிழங்கான்ல இருந்து சீலா வரைக்கும் அத்தன மீனையும் நோண்டிப் பாக்கிய. கட்டுனவன்ட்ட ஒரு வார்த்த கேக்கதுக்கு ஒனக்கு என்ன? குசினிக்குள்ள கெடந்து எத்தன நாளைக்கு மருகுவ?"

முருகேஸ்வரி மீனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் அவளுக்கு.

தூத்துக்குடிக் கோர்ட்டில் வழக்கு வாய்தா வாய்தாவாக இழுத்தது. மகாராஜா கூண்டில் ஏறி, அன்று சாயங்காலம் முதல் மறுநாள் தகவல் வருகிற வரைக்கும் தான் துறைமுகத்தை விட்டு நகரவில்லை என்றும், மடைமுக்குத் தகராறைத் தவிர அப்பாவுக்கு வேறு பகை கிடையாது என்றும் சத்தியம் பண்ணிச் சொன்னான். மாசானத்தின் வக்கீல், அன்று வயலில் என்ன நடந்தது என்று எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். எனக்கு ஒண்ணும் தெரியாது என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. கடைசியில், பார்த்த சாட்சி இல்லை, மம்பட்டியில் ரத்தம் இல்லை, வரப்பு புதிதாக இருக்கிறது என்பதற்காக ஒருவரைக் கொலைகாரர் என்று சொல்ல முடியாது என்று விடுதலை பண்ணினார்கள். கோர்ட்டு விட்டுவிட்டது. ஊர் விடவில்லை. வீடும் விடவில்லை.

இதற்குள் நிலத்துக்கு விலை ஏறிப்போயிற்று. அப்பா உயிரோடு இருந்தவரை விற்கக் கையெழுத்துப் போட மறுத்த வயலை, மகாராஜா இப்போது மனை போட ஆரம்பித்திருந்தான். கல் நட்டு, கல்லுக்குக் கல் கலர்க் கொடி கட்டியிருந்தான். அவனுக்கு ஒரே இடைஞ்சல் மடைமுக்கு. உள்ளே வரும் பாதை அங்கே வளைந்தது.

போன தை மாதம் முருகேஸ்வரி வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது அவன் வரப்பில் வந்து நின்றான். பாதைக்கு அந்த வளைவை விட்டுத்தர வேண்டும் என்று தணிவாகத்தான் கேட்டான். அவள் நிமிரவே இல்லை. முடியாது என்றாள். அவன் குரலில் கொஞ்சம் சூடு ஏறியது.

"சித்தப்பாவே அன்னைக்கு தன் கையால வெட்டி, எங்கப்பாவுக்கு விட்டுக் குடுத்த எடந்தான சித்தி. பெறவு நீங்க எதுக்கு மொறச்சிக்கிட்டு நிக்கிய?"

முருகேஸ்வரியின் கை நின்றது. நகத்தில் விட்ட பாலைப் பார்க்கிற மாதிரி அந்த வார்த்தையைப் பார்த்தாள். சித்தப்பாவே, தன் கையால்.

"ஒனக்கு யாருய்யா சொன்னா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எங்கப்பாதான் சொன்னாவ" என்றான் அவன். சொன்ன பிறகு அவனே ஒரு நிமிஷம் சும்மா நின்றான். பிறகு கொடி கட்டுகிற ஆட்களைக் காரணமில்லாமல் ஏசிக்கொண்டு போய்விட்டான்.

வெட்டி விட்டுக்கொடுத்தது அந்தச் சாயங்காலம். அதற்குப் பிறகு பெருமாள் வயலை விட்டு உயிரோடு வெளியே வரவில்லை. கையில் போனும் கிடையாது. அவர் இவனிடம் சொல்ல வேண்டுமென்றால் இவன் எங்கே நின்றிருக்க வேண்டும்? முருகேஸ்வரி எழுந்தாள். களையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

மாசானம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவள் கதவைச் சாத்திவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"மடைமுக்க நீங்களா விட்டுக் குடுத்திய?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினார். சண்டை போட்டுப் போட்டுச் சலித்துவிட்டது என்றார். அண்ணன் முன்னாலேயே வரப்பை வெட்டித் தள்ளிக் கொடுத்துவிட்டு வந்தாராம். சொன்னால் அவள் சோறு போடமாட்டாள் என்று பயந்து, சோலி முடிந்தது என்று மட்டும் சொன்னாராம். சொல்லிவிட்டு அவர் திருப்பிக் கேட்டார்.

"வரப்பப் பழைய எடத்துக்கு வெட்டுனது நீதானளா?"

"நாந்தான். விடியக்காலம். அவுக செத்துக் கெடக்கது எனக்குத் தெரியாது."

"விடியக்காலமா?" என்றார். "நான் சாயங்காலம்னுல்லா நெனச்சேன். ஆத்துக்குப் போனவ வயலுக்குப் போயி வரப்பப் பாத்து, அவன்ட்ட சண்ட போட்டு, நீதான் அடிச்சிட்டேன்னு நெனச்சேன். வரப்பு திரும்பிக் கெடக்குன்னு போலீஸ்காரன் சொன்னப்பவே எனக்கு உசுரு போயிட்டு."

விட்டுக்கொடுத்ததை அவர் கோர்ட்டில் சொல்லியிருந்தால், திருப்பி வெட்டியது யார் என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். அதற்காகத்தான் அந்த மனுஷன் ஜெயிலுக்குப் போனார். மம்பட்டியைப் பரணில் ஏற்றியதும் அவள் கைக்கு எட்டக்கூடாது என்றுதான். அவள் ஒரு வாய் சாப்பிடுகிற வரைக்கும் காத்திருந்ததும், சோற்றில் எதையாவது கலந்திருப்பாளோ என்ற பயத்தில்தான். முருகேஸ்வரி வாயில் சேலையை வைத்துக்கொண்டு அழுதாள். பாலையும் மீனையும் சோதித்த புத்தி இந்த மனுஷனிடம் மட்டும் எங்கே போயிற்று என்று தன்னையே ஏசிக்கொண்டு அழுதாள். அவர் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையில் கை வைத்தார். அந்தக் கை தன் மேல் பட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அழுகை அடங்கியதும், மகாராஜா சொன்னதை அவரிடம் ஒரு சொல் விடாமல் சொன்னாள். மாசானத்தின் கை தலையிலிருந்து இறங்கியது.

"அந்தச் சாயங்காலம் வயல்ல என்னையும் அண்ணனையும் தவிர யாரும் கெடையாதே" என்றார்.

வாசலில் பைக் வந்து நின்றது. ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது. "சித்தி, உள்ள இருக்கியளா?" என்று மகாராஜா கூப்பிட்டான். குரல் ரொம்பப் பணிவாக இருந்தது.

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நேரத்தில் எழுந்து போய்க் கதவுக்குத் தாழ் போட்டார்கள்.