மாமனாரின் காருக்கு அடியில்

பஸ் பணிமனையில் மெக்கானிக்கான அவரை ‘வீட்டோடு’ என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமான கையோடு மாமனார் வீட்டில் குடியேறியவர். ‘வீட்டோடு மாப்பிள்ளை’யில் மாப்பிள்ளை தேய்ந்து, வீட்டோடு மட்டும் மிஞ்சியது. “வீட்டோடு, டீ குடிக்க வரியா?” என்றால் சிரித்துக்கொண்டே போவார். சிரிப்பு உதட்டோடு சரி.

பணிமனையில் கூட இருந்த பழைய கூட்டாளி ஒருவன் வெளியூரில் சொந்தமாகப் பட்டறை போட்டு, கூட வந்துவிடச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தான். தயங்கித் தயங்கி மாமனாரிடம் சொன்னபோது, “தாராளமா போங்க மாப்பிள்ளை. நம்ம காரை மட்டும் ஓட வெச்சுட்டுப் போங்க” என்றார் அவர்.

கார் மாமனார் இளவயதில் வாங்கியது. ஒடுக்கமான தகர ஷெட்டில், ஒரு பக்கக் கதவைப் பாதிதான் திறக்க முடியும் என்கிற நெருக்கத்தில் நின்றது. என்ஜினைச் சரிசெய்தால் பிரேக் போயிருந்தது. பிரேக்கை முடித்து நகர்த்திப் பார்த்தால், பின்னாலிருந்து பல்லை நறநறவென்று கடிக்கிற சத்தம். பின்சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலில் பற்கள் உடைந்திருந்தன. அதே மாடலுக்கு இன்னொன்று தேடி அவர் ஏறி இறங்காத காயலான் கடை இல்லை. ஒருவழியாகக் கிடைத்தது.

அன்று விடுமுறை. காரைத் தூக்கித் தாங்கிகளில் நிறுத்தி, பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டு, புதிதாக வந்ததை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்திருந்தார். சின்ன அம்மிக்கல் கனம். மூச்சை அடக்கி மேலே ஏந்தி, ஆக்ஸிலில் நீட்டிக்கொண்டிருந்த திருகாணிகளின் நுனியில் அதை மாட்டினார். இனி ஒரு நட்டைப் போட்டுவிட்டால் தானாக நிற்கும். நட்டுகள் இருந்த கிண்ணத்தை முழங்கை தட்டிவிட்டது. எல்லாம் உருண்டு ஓடின. கையை எடுத்தால் அது நெஞ்சில் விழும்.

அந்த நேரம் பார்த்து மாமனார் வந்து, கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். கார் ஒருமுறை ஆடி அடங்கியது.

“மாமா! இறங்குங்க! வண்டி தாங்கி மேல நிக்குது!”

“என்ன, முடிஞ்சிருச்சா?” மாமனாருக்குக் காது மந்தம். ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். முகத்துக்கு மேலே இரும்பு முனகியது. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையில்லை. ஒரு பட்டறைக்குப் போக ஆசைப்பட்டது இவ்வளவு பெரிய குற்றமா என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கத்தல் கேட்டு ஓடிவந்த மனைவி, “அப்பா, இறங்கு!” என்று அவர் காதருகே அதட்டி இறக்கினாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபக்கமாக உள்ளே ஊர்ந்தாள். தரையைத் துழாவி ஒரு நட்டைக் கண்டுபிடித்துத் திருகினாள். இரண்டாவதும் ஏறியதும் அவர் கைகளைத் தரையில் போட்டார்.

“இது முடிஞ்சா விட்டுருவார்ல?” என்றார்.

“அடுத்து கிளட்ச்னு சொல்வாரு. இல்லைன்னா பெயிண்ட்டு.”

“தெரிஞ்சுமா நீ பேசாம இருந்தே?”

“நீங்க அவரைக் கேட்டீங்க. என்னைக் கேட்டீங்களா?” தலைக்கு மேலிருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தபடி சொன்னாள். “பொறந்ததுலேருந்து இதே வீடு. நீங்க எங்கயாவது கூட்டிட்டுப் போவீங்கன்னுதான் கட்டிக்கிட்டேன். பார்த்தா நீங்களே பெட்டியோட உள்ள வந்துட்டீங்க.”

மிச்ச நட்டுகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக் கொடுத்தாள். அவர் முடுக்கினார்.

மறுநாள் கார் சத்தமில்லாமல் ஓடியது. தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிறுத்தியதும் மாமனார், “கிளட்ச் கொஞ்சம் இழுக்குற மாதிரி...” என்று ஆரம்பித்தார்.

“நாங்க கிளம்புறோம்பா” என்றாள் மகள், இரண்டு தடவை.

மாமனார் காரை விட்டு இறங்கவே இல்லை. கடைசியில், “நான் மட்டும் இங்க தனியா என்ன பண்ணுவேன்?” என்றார். அப்படி அவர் குரல் உடைந்து கணவன் மனைவி இருவருமே கேட்டதில்லை.

அடுத்த மாதம் மூவருமாகத்தான் வெளியூர் போனார்கள். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. மாமனாருக்கு வாசல் அறையைக் கொடுத்தார்கள். புது இடத்திலாவது யாரும் தன்னை ‘வீட்டோடு’ என்று கூப்பிட மாட்டார்கள் என்று மாப்பிள்ளை நம்பியிருந்தார். அதற்கும் வழியில்லாமல், வந்த முதல் நாளே கூட்டாளி அந்தப் பெயரை எல்லோரிடமும் சொல்லி வைத்துவிட்டான்.