ஒரு இடம் விடாம அடிச்ச பெயிண்ட்

ரேடியோ மெக்கானிக் அக்காவுக்கு நாங்க வச்ச பேரு சிடுசிடு அக்கா. முகத்துக்கு நேரா சொல்ற தைரியம் எந்த டிரைவருக்கும் கிடையாது. பதினெட்டு வருஷமா எங்க ஆம்புலன்ஸுகளோட வாயும் காதும் அவங்க கையிலதான்.

என் வண்டி ரேடியோ ஒரு மாசமா கரகரன்னு இரைஞ்சது. நான் பேசினா கன்ட்ரோல் ரூமுக்குப் பாதிதான் போகும். தொண்டை கிழியக் கத்துவேன். ரெண்டு தடவை ரேடியோவையே மாத்தியும் விடிவு பிறக்கல.

அக்கா ரேடியோ பக்கமே போகல. ஏணி வச்சுக் கூரையில ஏறி, ஆன்டெனாவைக் கழட்டினாங்க.

"எப்போ பெயிண்ட் அடிச்சீங்க?"

"போன மாசம். நானே பக்கத்துல நின்னு, ஆன்டெனாவைக் கழட்ட வச்சு, ஒரு இடம் விடாம அடிக்கச் சொன்னேன்"னு பெருமையா சொன்னேன்.

"அங்கதான் வினையே. ஆன்டெனாவோட அடி தகரத்தைத் தொடணும். நடுவுல பெயிண்டால சுவர் எழுப்பிட்டு, பழியை ரேடியோ மேல போட்டிருக்கீங்க!"

என் புதுப் பெயிண்டை உப்புத்தாளால பரபரன்னு சுரண்டினாங்க. எனக்கு வயிறு எரிஞ்சது. தகரம் பளிச்சுன்னு தெரிஞ்சதும் ஆன்டெனாவை இறுக்கிட்டு, "ஊர்க்கோடிப் பாலத்துக்குப் போய்ப் பேசுங்க"ன்னு விரட்டினாங்க.

பாலத்துல வண்டியை நிறுத்தினேன். இரைச்சலே இல்ல. ஆனாலும் பழக்கதோஷம், கத்தினேன்: "சும்மா சோதனைதான்! கேக்குதா?"

கன்ட்ரோல் ரூம் தம்பி அலுத்துக்கிட்டான்.

"ஏண்ணே கத்துறீங்க? வாசல்லதானே நிக்கிறீங்க, உள்ள வாங்க."