உடையாத பல்பு

கோழிக்குஞ்சின் அலகைக் கிண்ணத்துத் தண்ணீரில் நனைத்து, அது விழுங்குகிறதா என்று தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறார் டெஸ்டர். விழுங்கினால்தான் பெட்டிக்குள் விடுவார், பிறகு அடுத்த குஞ்சு. துணி துவைக்கும் இயந்திரம் வந்த அட்டைப்பெட்டி அது. வீட்டுக் கூடத்தில் சோபா இருந்த இடத்தில் இப்போது அதுதான் இருக்கிறது. சோபா வாசலில் வெயில் காய்கிறது.

தொழில் எலெக்ட்ரீஷியன். சட்டைப் பையில் எப்போதும் மின்சாரம் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்டர் ஒன்று இருக்கும், எதையும் சோதிக்காமல் தொடவும் மாட்டார். அதனால் தெருவே அவரை அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறது. எனக்கும் அவருக்கும் நடுவே ஒரே ஒரு சுவர், சுவரில் காற்றுக்காக விட்ட ஒரு சதுர ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத்தான் இந்தக் கோழிப் பண்ணை என் வாழ்க்கைக்குள் நுழைந்தது.

முதல் அதிர்ச்சி என் வீட்டு மின்விசிறியைப் பழுதுபார்க்க வந்தபோது. ஸ்டூல்மேல் ஏறி நின்றவரின் சட்டைப் பை ‘கீச்’ என்றது. நான் பதறிப்போய் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். “ஒன்னுமில்ல சார். இது கொஞ்சம் நோஞ்சான். அங்க விட்டா மத்ததெல்லாம் மிதிச்சிடும். பையில இருந்தா சூடா இருக்கும்” என்றார். கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர், வாயில் ஒரு ஸ்க்ரூ, பையில் ஓர் உயிர். 

இரண்டாவது அதிர்ச்சியை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. எச்சம் ஒட்டிப் பின்பக்கம் அடைத்துக்கொண்டால் குஞ்சு இரண்டு நாள்கூடத் தாங்காதாம். அதனால் தினமும் வேலைக்குக் கிளம்புமுன் பெட்டியில் இருந்த பதினொரு குஞ்சுகளையும் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார். ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, அவ்வளவு பக்குவமாகத் துடைத்துவிடுவார். துடைத்து முடித்துக் கையைக் கழுவிவிட்டு, டீ குடிக்கிறீர்களா என்று என்னைக் கேட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

அவர் மனைவி இதையெல்லாம் சமையலறை வாசலில் நின்று பார்ப்பார். “எங்க பொண்ணு பொறந்தப்போ இந்த மனுஷன் அவளைத் தூக்கினதே மூணாவது மாசந்தான். கேட்டா, கழுத்து நிக்கட்டும்னாரு” என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். டெஸ்டர் அடுத்த குஞ்சைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டு முட்டை சாப்பிட வேண்டும் என்பதுதான் ஆசை. கடை முட்டை என்றைக்குப் போட்டது என்று யாருக்குத் தெரியும் என்பார். வாங்கியது இருபத்திரண்டு குஞ்சுகள். பாதி இவருக்கு, பாதி பத்து நிமிடத் தூரத்தில் தனியாக இருக்கும் அக்காவுக்கு. மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டோடு இருக்கிற அக்காவுக்குப் பேச்சுத்துணையாக இருக்கட்டுமே என்று கொடுத்தாராம். கொடுத்ததோடு விட்டாரா? காலையும் மாலையும் போனில் பாடம். குஞ்சுகளுக்குச் சூடு தரப் பெட்டிக்கு மேல் தொங்குகிற பல்பை மட்டும் அணைத்துவிடாதே என்பதுதான் பாடத்தின் முதல் வரியும் கடைசி வரியும். அக்கா பாதிப் பாடத்திலேயே போனை வைத்துவிடுவது எங்கள் சுவர் ஓட்டை வரைக்கும் கேட்கும்.

சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவருக்குக் கருவி எதுவும் வேண்டாம். “குஞ்சுங்களே சொல்லிடும் சார். பல்புக்குக் கீழ ஒன்னு மேல ஒன்னு ஏறினா குளிருதுன்னு அர்த்தம். மூலைக்கு ஓடி வாயைத் திறந்தா வேகுது. பரவலாப் படுத்திருந்தா நாம நம்ம வேலையைப் பாக்கலாம்” என்பார்.

அவருடைய பயம் வேறு. எரிகிற பல்பின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் வெடிக்கும். ஒரு பேக்கரியில் அப்படி வெடித்து, பிசைந்து வைத்த மாவு முழுக்கக் கண்ணாடி இறங்கியதைக் கண்ணால் பார்த்தவர். குஞ்சுகளோ பதினைந்து நாளிலேயே தண்ணீர்க் கிண்ணத்தில் இறங்கிச் சிறகை உதறப் பழகிவிட்டன. ஆகவே தேடி அலைந்து, பேக்கரி அடுப்பறைகளில் மாட்டுவதற்கென்றே செய்த பல்பு வாங்கிவந்தார். உடைந்தாலும் சிதறாது. ஒரே அட்டையில் இரண்டு இருந்தன. மாலையில் ஒன்றை அக்கா வீட்டில் மாட்டினார், திரும்பிவந்து மற்றதைத் தன் பெட்டிக்கு மேல் மாட்டினார். “இனிமே நிம்மதி சார்” என்று ஓட்டை வழியாக எனக்கும் செய்தி வந்தது.

அன்று இரவு படுக்கப்போகுமுன் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். குளியலறையில் கரப்பான் பூச்சி மருந்து அடித்தேன். அந்த வாசனை ஓட்டை வழியாகக் குஞ்சுகளுக்கு வந்துவிடும், மருந்து அடிப்பதென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள் என்று டெஸ்டர் என்னிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டிருந்தார். மறந்தே போய்விட்டேன்.

காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பதினாறு நாளாக என் தூக்கத்தைக் கெடுத்த சத்தம் இல்லாததே என்னை எழுப்பிவிட்டது. போய்ப் பார்த்தேன். பதினொன்றும் பரவலாகத்தான் படுத்திருந்தன. அவர் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து, அலகைத் திறந்து ஊதி, திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். பதினோராவதை வைத்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.  அவர் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார்.

மருந்து அடித்ததை நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மருந்து டப்பாவை வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். இந்த வயதில் இப்படி ஒரு கோழைத்தனம் எனக்குள் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அரை மணி நேரத்தில் கதவு தட்டப்பட்டது. சண்டைக்கு வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டே திறந்தேன். அவர் கையில் பல்பு வந்த அட்டை இருந்தது.

“இதைக் கொஞ்சம் படிங்க சார். எழுத்து பொடியா இருக்கு. நான் படிச்சது சரிதானான்னு பாக்கணும்.”

அட்டையின் அடிப்பக்கம், கடைசி வரி. பறவைகள் உள்ள அறையில் பயன்படுத்தக் கூடாது என்று போட்டிருந்தது. உடைந்த கண்ணாடி சிதறாமல் இருக்க மேலே ஒரு பூச்சு பூசியிருக்கிறார்கள், பல்பு சூடேறினால் அதிலிருந்து ஆவி கிளம்புகிறது. மனிதனுக்குத் தெரியவே தெரியாது. குஞ்சின் நெஞ்சுக்கு அது விஷம். நான் சத்தமாகப் படித்து முடிக்கும்வரை அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அப்போதுதான் நான் மருந்தடித்ததைச் சொன்னேன்.

“வாசனை வந்துச்சு சார். விடிஞ்சதுலேர்ந்து மனசுக்குள்ள உங்களைத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன். அட்டையைத் தூக்கிப் போடலாம்னு எடுத்தேன். எடுக்கலைன்னா இன்னும் திட்டிக்கிட்டுத்தான் இருப்பேன்.” அவ்வளவு சொன்னவர் அட்டையை மறுபடி வாங்கிப் பார்த்தார்.  “அக்கா வீட்ல ஒன்னு மாட்டியிருக்கேன் சார்.”

போன் அடித்துக்கொண்டே இருந்தது, அக்கா எடுக்கவில்லை. அவர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டர் சாவியை என்னிடம் நீட்டினார். நான்தான் ஓட்டினேன். வழியெல்லாம் என் தோளைப் பிடித்திருந்த கை இறுகிக்கொண்டே போனது. அக்கா தானாகப் பேசுவதே இப்போதெல்லாம் அந்தக் குஞ்சுகளோடுதான் என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

கதவைத் திறந்த அக்கா தம்பியின் முகத்தைப் பார்த்ததும் ஒரு கையை உயர்த்திக்கொண்டார்.

“கத்தாதே. கத்துவேன்னுதான் போனையும் எடுக்கல. நீ மாட்டிட்டுப் போனதை நான் போடவே இல்ல. அந்த வெளிச்சத்துல கண்ணை மூட முடியல. வெந்நீர் பாட்டிலைத் துணியில சுத்தி உள்ள வெச்சேன். பொழுது விடிஞ்சதும் வெயில்ல தூக்கி வெச்சிட்டேன். எதுவும் ஆகல, வேணும்னா எண்ணிப் பாத்துக்கோ.”

அவர் எண்ணினார். பதினொன்று. ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்த வெயிலில் பெட்டி, பெட்டிக்குள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தடித்துத் தீவனம் தின்கிற பதினொரு குஞ்சுகள். எனக்குத்தான் முதலில் கண் கலங்கியது. அந்தப் பல்பு எரியாமல் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

“உன்னோடது எப்படி இருக்கு?” என்று கேட்டார் அக்கா.

“போச்சுக்கா. எல்லாமே. நான்தான்.”

அக்கா வலிக்கிற காலை நீட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வேறு பல்பு இருந்தால் மாட்டிவிடேன் என்றார். பைக்குள் சாதாரண பல்பு இரண்டு இருந்தது எனக்குத் தெரியும், வண்டியில் ஏறும்போது அவர்தான் எடுத்துப் போட்டார். அவர் பையைத் திறக்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஜன்னல் வெயில் மெல்ல நகர்ந்து பெட்டியின் ஓரம் நிழலானது. டெஸ்டர் இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்து, உள்ளே ஒரு குஞ்சுகூடத் தடுமாறாதபடி, ஒரு சாண் தூரம் வெயிலுக்குள் தள்ளினார்.