புல்லியில் மஞ்சள் கோடு

கணவன் ஜெயக்குமார் இறந்த பிறகு, அவனுடைய டாக்சியை மாமல்லபுரத்தில் விஜயகுமாரிதான் ஓட்டுகிறாள். சில நாட்களாக இன்ஜின் பெல்ட் கிரீச்சிட்டது. பேட்டரி விளக்கும் எரிந்தது. புது பெல்ட் போட்டாள். அப்போதும் அந்தச் சனியன் பிடித்த சத்தம் ஓயவில்லை.

மெக்கானிக் கலையரசன் இன்ஜினை நிறுத்திவிட்டு, பெல்ட்டைச் சுழற்றும் சக்கரமான கிராங்க் புல்லியில் டார்ச் அடித்தான். அதில் ஒரு மஞ்சள் கோடு இருந்தது. சந்தனம் பூசினால் நிற்காது என்று, ஆயுத பூஜைதோறும் ஜெயக்குமார் நடுவிலிருந்து விளிம்புவரை பெயிண்டால் போட்டுவந்த கோடு. இப்போது அதன் உள்பாதி ஓரிடத்திலும் வெளிப்பாதி வேறிடத்திலும் நின்றன.

“பாருக்கா, உள் சக்கரத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவுல கீற ரப்பர் வுட்டுப்போச்சு. உள்ள சுத்துது, வெளிய வழுக்குது. பெல்ட் மேல தப்பே இல்ல.”

விஜயகுமாரி குனிந்து, பிரிந்து நின்ற அந்தக் கோட்டின் இரண்டு பாதிகளையும் விரலால் தொட்டாள்.

புதுப் புல்லியை மாட்டியதும் சத்தம் அடங்கியது. அவள் மஞ்சள் பெயிண்ட் கேட்டாள். கலையரசன் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான். தாலி இழந்தவள் வண்டிக்கு மங்கலக் குறி வைப்பது அங்கே வழக்கமில்லை.

“உன் தம்பிய வரச்சொல்லுக்கா. அவரு போடட்டும்.”

“தெனம் வண்டிய ஓட்றது நானு. கோடு போட மட்டும் அவனா?”

பிரஷ்ஷை அவன் கையிலிருந்து பிடுங்கி, நடுவிலிருந்து விளிம்புவரை ஒரே இழுப்பில் கோட்டைப் போட்டாள்.