இரண்டு தரம் அரித்த மணல்

1974 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை. விடிய எழுந்து முற்றம் கூட்டினேன். குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் இரண்டு குடங்களையும் வாளியையும் நிரப்பினேன். தேநீர் ஊற்றி, கணவரின் சாய்மனைக் கதிரைக்குக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தேன். தலையணை உறைகளைக் கழற்றிச் சவர்க்காரத்தில் ஊறப்போட்டேன். கச்சான் காற்று புழுதியை அள்ளி வரும் காலம் என்பதால் மேற்கு யன்னலைச் சாத்தினேன். இவ்வளவும் எல்லாச் சனிக்கிழமைகளிலும் நடப்பவை. அன்றைக்கு இன்னொரு வேலையும் சேர்ந்திருந்தது. மறுநாள் மத்தியானத்துக்குள் ஒரு மீனைத் தேற்ற வேண்டும்.

என் கணவர் துறைமுக வேலைத்தலத்தில் ஃபிற்றர். ஜூலை மாதத்தில் இறங்குதுறைப் படியில் பாசி வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். தொடையிலிருந்து விரல்வரை பிளாஸ்டர் கட்டு. அதற்கு முன்பு அவர் பேசாமல் இருந்தது நித்திரையில் மட்டும்தான். விழுந்த பிறகு சுவரைப் பார்த்தபடி கிடந்தார். எதைக் கேட்டாலும் ‘ஓம்’, ‘இல்லை’ என்ற இரண்டு சொற்கள்தான். மருந்தையும் சாப்பாட்டையும் நேரம் தவறாமல் கொடுக்க என்னால் முடிந்தது. அவர் வாயிலிருந்து கதையை எடுக்க முடியவில்லை.

எடுத்தது மீன்தான். அவரோடு வேலை செய்யும் கிண்ணியா ஊர் முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், ஒருநாள் அக்கரையிலிருந்து பாதைப் படகேறி வந்தார். என் கணவரைவிட வயதில் மூத்தவர். கையில் ஒரு ஜாம் போத்தல், அதற்குள் நீல நிற ஃபைட்டர் மீன் ஒன்று. வாலோரம் மட்டும் சிவப்பு.

“தம்பி, இவனும் உன்னைப்போலத்தான். ஒரே இடத்துல கிடந்துகொண்டு ஆக்களோட கோவிப்பான்” என்றார் நானா.

கணவர் சிரித்தார். அன்றிலிருந்து முதலில் மீனோடு கதைத்தார், பிறகு மீனைப் பற்றி என்னோடு கதைத்தார். ஒரு மத்தியானம், “குழம்புக்கு உப்புக் காணாது” என்றார். நான் குசினிக்குள் போய் நின்று சிரித்தேன். என் கணவர் திரும்பி வந்துவிட்டார்.

வேலைத்தலத்து ஆட்கள் இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பொருத்தி ஒரு சின்னத் தொட்டி செய்து அனுப்பினார்கள். அதில் விட்டதும் மீன் புதுத் தொல்லை ஒன்றைத் தொடங்கியது. வெறும் கண்ணாடி அடியில் தன் நிழலைக் கண்டு, செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்குப் போனது. காலையிலிருந்து பின்னேரம்வரை சண்டை. எதிரி தோற்கிற வகையாகத் தெரியவில்லை, மீன்தான் களைத்து ஒரு மூலையில் கிடந்தது. அடியை மறைக்க மணல் போட வேண்டும் என்று முடிவானது.

திருகோணமலைக்காரரிடம் மணல் வேண்டும் என்றால் கை கடற்கரைப் பக்கம்தான் நீளும். நிலாவெளி மணல் சீனிபோல வெள்ளை. அதைவிட நல்ல மணல் உலகத்தில் உண்டென்று எங்களில் ஒருவரும் ஒத்துக்கொண்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரி தன் தாய்வீட்டுக்கு நிலாவெளிக்குப் போனபோது ஒரு தகரம் நிறைய அள்ளிவந்து தந்தாள். நாக்கில் வைத்தால் உப்புத் தெரியாத அளவுக்குக் கழுவித் தொட்டியில் பரப்பினேன். வெள்ளையின் மேல் நீல மீன் ஓடியதைப் பார்க்கத் தெருவில் பாதிப் பேர் வந்து போனார்கள்.

சில நாளில் மீனின் வாலோரம் நார் நாராகக் கிழிந்தது. தீனியைத் திரும்பியும் பார்க்கவில்லை. மணலில் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். பாதி மணலே இல்லை, உடைந்த சிப்பியும் பவள முருகைக்கல்லும். ஒவ்வொரு துண்டின் விளிம்பும் உடைந்த பீங்கான்போல இருந்தது. அதன்மேல் தேசிக்காய் பிழிந்தேன். சோடாப் போத்தல் திறந்ததுபோல நுரைத்தது. சிப்பியைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுக்கிறோம். அப்படியென்றால் நான் அந்த மீனைச் சுண்ணாம்பின் தாய்மேல் கிடத்தியிருக்கிறேன்.

மீன் திரும்பவும் ஜாம் போத்தலுக்குப் போனது. கணவர் திரும்பவும் ‘ஓம்’, ‘இல்லை’க்குப் போனார்.

வியாழக்கிழமை பின்னேரம் நானா வந்தார். கையில் ஒரு சின்னச் சாக்கு.

“இது நம்மட ஆத்து மணல், தங்கச்சி. நம்மட ஊர்க் கங்கை உருட்டி உருட்டிக் கொண்டாற மணல், முள்ளில்ல, முனையில்ல. நல்லா அரிச்சுப் போடுங்க” என்று என்னிடம் சொன்னார். பிறகு கணவரைப் பார்த்து, “ஞாயிறு மத்தியானம் வாறன் தம்பி. அதுக்குள்ள இவன் தேறல்லெண்டா இதே போத்தல்ல என்ட ஊட்டுக்குக் கொண்டு போறன். அங்க ஆளுக்கொரு சட்டியில நாலைஞ்சு பேர் கிடக்கிறானுகள். இவனும் பிழைச்சிக்குவான்” என்றார்.

“கொண்டுபோங்கோ, நானா” என்றார் கணவர். அந்தக் குரல் எனக்குத் தெரியும். மீன் படகேறினால் அந்தக் குரல்தான் இந்த வீட்டில் மிஞ்சும்.

வெள்ளிக்கிழமை முழுவதும் மணலைப் பழைய பாயில் பரப்பிக் காயவைத்தேன். சனிக்கிழமை காலை, சொன்னேனே, தலையணை உறைகளை ஊறப்போட்ட பிறகு, அரிதட்டுகளை எடுத்தேன். அரிக்கச் சொன்னால் என் கைக்கு முதலில் வருவது மா அரிக்கும் தட்டு. பெரிய கண் உள்ள தட்டில் அரித்துக் கூழாங்கற்களை நீக்கினேன். சின்னக் கண் உள்ளதில் அரித்துத் தூளை நீக்கினேன். பருமனாக இருந்தால் தீனி இடுக்குகளில் விழுந்து அழுகும். மாவாக இருந்தால் இறுகிப்போய் அடியில் கறுக்கும். எனக்கு வேண்டியது நடுவில் நிற்பது, குரக்கன் தானிய மணி அளவு. அது கிடைத்தது. பழுப்பு நிறம், ஒவ்வொரு மணியும் உருண்டை. எனக்குப் பெருமையாக இருந்தது. தொட்டியில் பரப்பித் தண்ணீரை ஊற்றினேன்.

“பால் தேத்தண்ணி” என்றார் கணவர்.

உண்மைதான். தொட்டியின் மறுபக்கம் தெரியவில்லை. தலையணை உறைகளை அலசிக் கொடியில் போட்டுவிட்டு வந்து பார்த்தேன். அதே பால் தேநீர். இரண்டு விரலால் கொஞ்சம் மணலை எடுத்துத் தேய்த்தேன். பலகாரத்தில் மா பிரட்டியதுபோல ஒவ்வொரு மணியிலும் சேறு ஒட்டிக் காய்ந்திருந்தது. எந்தத் தட்டாலும் அதைக் கழற்ற முடியாது.

“விடும், காணும். நானா கொண்டு போகட்டும்” என்று சொல்லிக் கணவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் குசினிக்குப் போனேன். மீன் இருந்தாலும் போனாலும் உலையில் அரிசி போட வேண்டுமே. அந்த வருடத்துப் பங்கீட்டுக் கூப்பன் அரிசியில் அரிசிக்குச் சரிபாதி கல் என்று சொன்னால் கொஞ்சம் கூடத்தான், ஆனால் பல் உடைந்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள். அரிக்கன் சட்டியை எடுத்தேன். உட்புறம் சுற்றிவரக் கீறல் கீறலாக வரி போட்ட மண்சட்டி அது. அரிசியையும் தண்ணீரையும் விட்டுச் சரித்து ஆட்டினால் அரிசி தண்ணீரோடு மிதந்து அடுத்த பாத்திரத்துக்குப் போகும். கல்லும் மண்ணும் வரிகளில் தங்கும்.

“இஞ்சரும்!” என்று முன்னறையிலிருந்து கணவர் கத்தினார். “அரிக்குது!”

நான் கையிலிருந்த சட்டியைப் பார்த்தேன். “என்னத்தை அரிக்கிறது?”

“காலப்பா, கால்! கட்டுக்குள்ள அரிக்குது! அந்த ஈர்க்கைக் கொண்டு வாரும்!”

ஈர்க்கை எடுத்தேன், நகரவில்லை. சட்டியின் வரிகளில் கல் தங்கியிருந்தது. கழுவிய கல், தண்ணீரில் பளபளத்த சுத்தமான கல். மாவையும் அரிக்கிறோம், அரிசியையும் அரிக்கிறோம். ஆற்றங்கரையில் பிறந்த மனிதர் மணலை அரிக்கச் சொன்னால் எந்த அரிப்பைச் சொல்லியிருப்பார்?

ஈர்க்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைக் கட்டுக்குள் விட்டுச் சொறிந்து கண்ணை மூடினார்.

“நானா சொன்னது மா அரிப்பு இல்லை. அரிசி அரிப்பு” என்றேன்.

கண் திறந்தது. “என்ன கதை இது?”

“தண்ணிக்குள்ள அரிக்கவேணும். அரிக்கன் சட்டியில.”

என் பக்கம் திரும்பினார். காலையிலிருந்து அவர் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான். “அப்ப என்ரை கால் அரிச்சதாலதான் உமக்கு மூளை வேலை செய்தது. அதையும் உம்மடை கொப்பியில எழுதி வையும்.”

“எழுதுவன்” என்றேன். நாள்தோறும் நான் எழுதிவரும் அந்தக் குறிப்பேட்டில் எழுதியும் இருக்கிறேன்.

தொட்டியை வழித்து மணலை வாளியில் அள்ளிக் கிணற்றடிக்குப் போனேன். கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் சவர், உப்புக் கரிக்கும். மீனுக்கு ஆகாது, ஆனால் முதல் கழுவலுக்குப் போதும். அரிக்கன் சட்டியில் இரண்டு பிடி மணல், மேலே தண்ணீர். சரித்து ஆட்டினேன். சேறு வழிந்தது, உக்கிய இலைத் துண்டுகள் வழிந்தன, காக்காய்ப்பொன் மினுங்கிக்கொண்டு வழிந்தது. மணல் வரிகளில் நின்றது. கை பழகிய வேலைதான், ஆனால் மனம் தடுமாறியது. வருடக்கணக்காக ஓடுவதை வைத்துக்கொண்டு நிற்பதைக் கொட்டிய கை இது. முதல் தரம், பழக்க தோஷத்தில், வரிகளில் நின்ற மணலைக் கிணற்றடியில் கொட்டிவிட்டுச் சேற்றுத் தண்ணீரைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வேலிக்கு மேலே பக்கத்து வீட்டுக்காரியின் தலை தெரிந்தது.

“அக்கா, கூப்பன் அரிசியில கல் பொறுக்கினது காணாதெண்டு இப்ப கல்லையே அரிக்கிறியளோ?”

“ஓம். அரிசி விக்கிற விலைக்குக் கல்லுத்தான் கட்டுப்படியாகும்.”

“அந்தச் சட்டியில இனிச் சோத்துக்கு அரிப்பியளோ?”

“இல்லை. இது இனி மீன்ரை சட்டி. நாளைக்கு உம்மடை சட்டியைத்தான் கேட்டு வருவன்.”

“மீன் தப்பினால் சட்டி தாறன். தப்பாட்டி மீனைத் தாங்கோ, சொதி வைக்க” என்றாள். என்றாலும் போகவில்லை. வேலியால் வந்து, கேட்காமலே எனக்குத் தண்ணீர் அள்ளி ஊற்றினாள். நிலாவெளி மணலை அவள்தான் கொண்டுவந்தவள்.

வழியும் தண்ணீர் தெளியும்வரை ஒவ்வொரு பிடியையும் திரும்பத் திரும்ப அரித்தேன். காலையில் தட்டில் அரித்ததும் வீண்போகவில்லை என்று அப்போது கண்டேன். மணிகள் எல்லாம் ஒரே அளவாக இருந்ததால் சேறு ஒளிந்துகொள்ள இடமில்லை. இரண்டு அரிப்பும் வேண்டியிருந்தது. ஒன்று அளவுக்கு, மற்றது அழுக்குக்கு. நானா ஒரே சொல்லில் சொன்னதை நான் பாதியாகக் கேட்டிருந்தேன்.

அடுத்துச் சோதனை. தேசிக்காய் பிழிந்தேன், ஒரு குமிழியும் இல்லை. கண்ணாடிக் குவளையில் மணலும் தண்ணீரும் விட்டுக் கலக்கி, பின்னால் பத்திரிகையைப் பிடித்தேன். “வாசியுங்கோ” என்றேன் கணவரிடம்.

கழுத்தை நீட்டி வாசித்தார். “சீனித் தட்டுப்பாடு.” பிறகு தானே சிரித்தார். “செய்தி கலங்கல்தான். தண்ணி தெளிவு.”

மணல்மேல் கொதிநீர் ஊற்றி ஆறவிட்டேன். இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, முன்பக்கம் கொஞ்சம் தாழவிட்டேன். அப்படி விட்டால் அழுக்கு முன்னால் வந்து சேரும், அள்ளி எடுப்பது சுலபம். முதல்நாள் குழாயில் பிடித்து, அதில் கலக்கும் மருந்தின் மணம் போக மண்குடத்தில் வைத்திருந்த தண்ணீரை, ஒரு கோப்பைத் தட்டின்மேல் விழும்படி மெல்ல ஊற்றினேன். ஒரு மணியும் எழும்பவில்லை. தொட்டிக்கு அப்பால் இருந்த அலுமாரிப் பூட்டின் திறப்புத் துவாரம்கூடத் தெரிந்தது.

ஜாம் போத்தலுக்குள் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, பின்னேரம் மீனை விட்டேன். பக்கத்து வீட்டுக்காரி கதவில் சாய்ந்து நின்றாள். மீன் அடிக்குப் போனது. குனிந்து ஒரு மணியை வாயில் எடுத்தது, துப்பியது. சண்டைக்கு யாரையும் காணவில்லை. மெல்ல மேலே வந்து, ஒட்டிக் கிடந்த சிறகுகளை ஒவ்வொன்றாக விரித்தது. கணவர் தேங்கிய தண்ணீரில் பிடித்து வைத்த நுளம்புப் புழு ஒன்றை ஈர்க்கு நுனியில் நீட்டினார். விழுங்கியது. இன்னொன்றும் விழுங்கியது.

“சொதி இல்லை, தங்கச்சி” என்றார் கணவர் பக்கத்து வீட்டுக்காரியிடம். “சட்டியைக் கொண்டுவா.”

அன்று இரவுச் சாப்பாட்டில் உப்புக் கூடிவிட்டது என்று நெடுநேரம் குறை சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் குரல்தான் என்னை எழுப்பியது. “ஓடிவாரும்! வீடு கட்டிப்போட்டான்!” தொட்டியின் ஒரு மூலையில், தண்ணீரின் மேல், உள்ளங்கை அகலத்துக்கு நுரை. குமிழியோடு குமிழி ஒட்டிய கூடு. மீன் அதன் கீழே காவல் நின்றது. கலங்கிய மனதோடு எந்த ஆணும் வீடு கட்டமாட்டான் என்றார் கணவர்.

முற்றம் கூட்டுவதற்கும் தேநீர் வைப்பதற்கும் முன்பு முதல் வேலையாக நானாவின் ஜாம் போத்தலைச் சாம்பல் போட்டுக் கழுவினேன். பிறர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வழக்கமில்லை. மிஞ்சியிருந்த மணலை, இரண்டு தரம் அரித்த அவருடைய ஆற்று மணலை, அதில் வாய்வரை நிரப்பித் துணியால் கட்டி, மத்தியானம் அவர் வந்து உட்காரும் கதிரையில் வைத்தேன்.