பிரேக் அக்கா வாங்கிய வண்டி

தொலைக்காட்சியில் ஒரு லாரி வளைவில் வேகமாகத் திரும்புகிறது. சோபாவில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருக்கும் பிரேக் அக்காவின் வலது கால் தரையை அழுத்துகிறது. லாரி நிற்கவில்லை. அக்கா இன்னும் கொஞ்சம் அழுத்துகிறார். மடியிலிருந்த கிண்ணம் சரிந்து பட்டாணி கூடம் முழுக்க உருண்டு ஓடுகிறது. "கண்ணாடியே பாக்காம திரும்பறான் பாருங்க" என்று என்னிடம் முறையிடுகிறார், லாரிக்காரனை அனுப்பி வைத்ததே நான்தான் என்பதுபோல.

டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பது அவர் தொழில். அந்தக் காரில் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் கோட்டை விட்டால் அக்கா மிதிப்பார். ஊரில் பாதிப் பேர் அந்தப் பிரேக்கின் புண்ணியத்தில் முழுசாக நடமாடுகிறார்கள், நான் உட்பட. நான் அவர் வீட்டு மாடியில் குடியிருப்பவன், அவரிடம் பாடம் படித்தவன். என்னை "மாடி" என்றுதான் கூப்பிடுவார். இரண்டு முறை பெயிலானதை நான் மறந்தாலும் அவர் மறப்பதில்லை.

அந்தக் கால் எங்கே போனாலும் அக்காவுடன் வந்துவிடுகிறது. லிஃப்ட் இறங்கும்போது மிதிக்கும். பல் டாக்டரின் நாற்காலியில் மிதிக்கும். வீட்டுக் காரில் கணவர் ஓட்ட, அக்கா பக்கத்தில் உட்கார்ந்தால் வழி நெடுக மிதிதான். கணவர் பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வார்: "கால எடும்மா. அங்க ஒண்ணும் இல்ல." கல்யாணமான நாளிலிருந்து அவர் அதிகம் பேசிய வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும்.

இப்படிப்பட்ட அக்கா ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறார் என்று கேள்விப்பட்டபோது, எனக்கு முதலில் காதில்தான் சந்தேகம் வந்தது.

அதுவும் பழைய கார். இரண்டே இரண்டு சீட்டு. மேல்துணியை மடித்துவிட்டால் தலைக்கு மேலே வானம். மஞ்சள் நிறம். விளம்பரத்தில் வந்த படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு பாடம் படிக்க வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். சிக்னல் பச்சையான பிறகும் படத்தைக் காட்டிக்கொண்டிருந்ததாகவும், பின்னால் ஒருவர் ஹாரன் அடித்ததாகவும் தகவல். அக்காவின் சரித்திரத்தில் அப்படி நடந்ததே இல்லை.

"சின்ன வயசுல லாண்டரிக் கடை வேன் ஓட்டிட்டிருந்தேன் மாடி" என்றார். "மேட்டுல ஏறும்போது ஆக்சிலேட்டர மிதிச்சா முதுகுல ஒரு தள்ளு தள்ளும் பாருங்க. அதுக்காகவே சுத்து வழியில போவேன். துணியெல்லாம் லேட்டாத்தான் போய்ச் சேரும்." சொல்லும்போது அவர் முகத்தில் லாண்டரிக்காரரை ஏமாற்றிய திருப்தி அப்படியே இருந்தது.

கணவர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவர். அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, சேதம் எவ்வளவு என்று மதிப்புப் போடுவது அவர் உத்தியோகம். காலையிலிருந்து மாலை வரை அவர் பார்ப்பதெல்லாம் நசுங்கிய கார்கள். ஆகவே இரண்டு சீட்டு, கூரை இல்லை, வேகமாகப் போகும் என்ற மூன்று விஷயங்களையும் கேட்டவுடன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் வரல" என்றார். அதனால் வண்டி பார்க்கப் போனபோது துணைக்குப் போனவன் நான்.

விற்பவர் ஓய்வு பெற்ற கப்பல் சமையல்காரர். வருஷத்தில் பாதி நாள் கடலில் இருந்ததால் வண்டி அதிகம் ஓடவில்லை என்று பெருமையாகச் சொன்னார். அக்கா அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஓடாத வண்டிலதாங்க ரப்பரெல்லாம் செத்துப் போகும்" என்றார். முதல் வேலையாகப் பானெட்டின் மேல் கையை வைத்தார். ஸ்டார்ட்டிங் கோளாறை மறைக்க முன்கூட்டியே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருக்கிறாரா என்று பார்க்கத்தான். பானெட் ஜில்லென்று இருந்தது. பிறகு கைப்பையிலிருந்து ஸ்ட்ராபெரி வடிவக் காந்தம் ஒன்றை எடுத்தார். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த காந்தம்தான். அவர் வீட்டு ஃபிரிட்ஜில் மின்சார பில்லைப் பிடித்துக்கொண்டிருப்பது. அதைக் கதவு, சக்கர வளைவு, அடிவிளிம்பு என்று ஒவ்வொரு இடமாக ஒட்டிப் பார்த்தார். துருவை மறைத்துப் பட்டி பூசியிருந்தால் காந்தம் நிற்காது. ஓர் இடத்தில் மட்டும் நழுவி விழுந்தது. சமையல்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"சரி, ஓட்டிப் பாருங்க" என்று சமையல்காரர் சாவியை நீட்டினார்.

அப்போதுதான் அது நடந்தது. அக்கா விறுவிறுவென்று போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். பெல்ட்டை மாட்டினார். கால் இரண்டையும் தயாராக நீட்டிக்கொண்டார். சாவியோடு நின்றவரை நிமிர்ந்து பார்த்து, "கண்ணாடிய சரி பண்ணிட்டு ஏறுங்க. பெல்ட்டு. பின்னால யாரும் இல்லல்ல? மெதுவா எடுங்க" என்றார்.

கடலில் எத்தனையோ கேப்டன்களுக்குக் கீழே வேலை பார்த்தவர் அந்த மனிதர். குரலின் அதிகாரத்துக்குக் கட்டுப்பட்டு, பேசாமல் ஏறி ஓட்டிக்கொண்டு போய்விட்டார். நான் வாசலில் நின்று சிரித்ததில் வயிறு வலித்தது.

சுற்றி வந்து இறங்கியதும் அக்கா கடகடவென்று சொன்னார்: "பிரேக் புடிச்சா இடது பக்கம் இழுக்குது. செகண்டு கியர் கொஞ்சம் அடம் புடிக்குது, சூடானதும் சரியாயிடுது. டயர்ல பட்டன் தேயாம நல்லாருக்கு, ஆனா ரப்பர் கல்லாயிடுச்சு. வளைவுல நீங்க கிளட்ச மிதிக்கறீங்க, அந்தப் பழக்கத்த விட்டுடுங்க." சமையல்காரர் விட்டுவிடுவதாக ஒப்புக்கொண்டார். பிறகு, "நீங்க ஓட்டவே இல்லியே" என்றார். அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. எந்தப் பக்கம் உட்கார்ந்தோம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. முகம் சிவந்து போனது. "நீங்க வாங்க, ஒரு சுத்து" என்று சமையல்காரர் மறுபடி சாவியை நீட்டியபோது, அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேணாங்க. முதல்ல வண்டி ஒழுங்கா நிக்கட்டும்."

வண்டியை வாங்கிவிட்டார். ஓட்டிப் பார்க்காமலேயே வாங்கிவிட்டார்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் குழந்தையைப்போல ஜன்னல் கம்பியில் தாளம் போட்டுக்கொண்டு வந்தார். திடீரென்று தாளம் நின்றது. "மாடி, நானா ஓட்டி எவ்ளோ வருஷமாச்சு தெரியுமா? ஸ்கூல் வண்டிய படிக்கறவங்க ஓட்டறாங்க. வீட்டு வண்டிய அவரு ஓட்டறாரு. என் காலுக்கு நிறுத்த மட்டும்தான் தெரியும். ஸ்போர்ட்ஸ் கார வாங்கி நடுரோட்டுல நிறுத்தி வெச்சுட்டு நின்னா எவ்ளோ அசிங்கம்" என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்துத் திரும்பினேன். விளையாட்டு இல்லை. பஸ் பிரேக் போட்டது. அக்காவின் கால் அதற்கு முன்பே போட்டிருந்தது.

வண்டி வந்து இறங்கியது கொழுந்தனாரின் பட்டறையில். கணவரின் தம்பி மெக்கானிக். பழைய இன்ஜின் என்றால் அவருக்குச் சாப்பாடு வேண்டாம். "அண்ணி, முதல்ல இன்ஜின திறந்துடலாம்" என்று ஸ்பானரோடு வந்தார். அக்கா குறுக்கே நின்றார். "ஓட அதுக்குத் தெரியும். நிக்கத் தெரியுமானு பாரு. நிக்கறது முதல்ல, ஓடறது அப்புறம், மினுக்கறது கடைசி." கொழுந்தனார் மினுக்குவதைப் பற்றி நினைத்துக்கூடப் பார்க்காதவர். இருந்தாலும் முகம் தொங்கிப் போனது.

அக்கா திட்டம் போட்ட விதம் தனி. டிரைவிங் ஸ்கூல் காரில் ஒட்டுகிற எல் ஸ்டிக்கர், வெள்ளைச் சதுரத்தில் சிவப்பு எழுத்து, அவர் பையில் எப்போதும் கட்டுக்கட்டாக இருக்கும். எந்தெந்தப் பாகத்தை நம்ப முடியாதோ அதிலெல்லாம் ஓர் எல் ஒட்டிவிட்டார். வெடிப்பு விட்டிருந்த பிரேக் ஓஸ் குழாய்களில் எல். பிரேக் எண்ணெய் டப்பாவில் எல். நான்கு டயரிலும் எல். "பெட்ரோல் ஓஸ் கசிஞ்சா சூடான இன்ஜின் மேலதான் சொட்டும், அப்புறம் வண்டியும் இல்ல நானும் இல்ல" என்று அங்கே இரண்டு எல். டைமிங் பெல்ட் மூடியில், ரேடியேட்டர் குழாயில், காந்தம் விழுந்த இடத்தில், மேல்துணியில் எல். "முழு வண்டியும் உங்க ஸ்கூல்ல சேந்த மாதிரி இருக்கு அண்ணி" என்றார் கொழுந்தனார். ஒவ்வொரு பாகமும் புதிதாகி, அக்காவின் சோதனையில் தேறினால்தான் அதன் எல் உரிக்கப்படும். பெயிலானால் மறுபடி ஒட்டுவார். அந்த வலி எனக்குத் தெரியும்.

பிரேக் சோதனை, பட்டறையை ஒட்டிய கிடங்குக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் நடந்தது. கொழுந்தனார் ஓட்ட, அக்கா பக்கத்தில். வண்டி நூல் பிடித்ததுபோல நேராக நின்றது. அக்கா உரித்த எல் ஸ்டிக்கரைக் கொடிபோல ஆட்டிக்கொண்டு இறங்கினார். மேல்துணிச் சோதனைக்கு என்னைத்தான் உள்ளே உட்கார வைத்து, வெளியிலிருந்து தண்ணீர் அடித்தார்கள். முதல் தடவை என் சட்டை நனைந்தது. ரப்பர் பட்டை மாற்றிய பிறகு, இரண்டாம் தடவை காது மட்டும் நனைந்தது. "பார்டர்ல பாஸ். உங்கள மாதிரி" என்று அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்.

பராமரிப்பு என்றால் என்ன என்று கேட்டுவிட்டால் போதும், அக்கா பொரிந்து தள்ளுவார். இன்ஜின் ஆயில் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருஷம் தவறாமல் மாற்ற வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும், அதையும் மறக்கக் கூடாது. ஞாயிறு தோறும் வெளியே எடுத்து நன்றாகச் சூடாகும்வரை ஓட்ட வேண்டும். நிறுத்தி வைத்தே இன்ஜினை உறும விட்டுத் திருப்திப்பட்டால் சைலன்சரில் தண்ணீர் தங்கித் துருப்பிடிக்கும். "ஞாயித்துக்கிழமைன்னா ஓட்டியே ஆகணும்" என்று சொல்லும்போது கண்கள் பளபளக்கும். யார் ஓட்டுவது என்று கேட்டால் பேச்சை ஸ்பார்க் பிளக்குக்கு மாற்றிவிடுவார்.

ஒருநாள் கணவர் ஆபீஸிலிருந்து நேராகப் பட்டறைக்கு வந்தார். தம்பி கேட்டதற்கு, சும்மா வந்தேன் என்றார். சும்மா வந்தவர் கையில் டார்ச் இருந்தது. சட்டை கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் வண்டிக்கு அடியில் படுத்தார். வெகுநேரம் டார்ச் வெளிச்சம் மட்டும் அங்குமிங்கும் போனது. குறை கண்டுபிடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று எல்லோரும் காத்திருந்தோம். வெளியே வந்து முட்டியைத் தட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "சேசிஸ் நேரா இருக்கு." நசுங்காத வண்டியை இவ்வளவு பக்கத்தில் அவர் பார்த்தது அபூர்வமாக இருக்க வேண்டும். மஞ்சள் கதவை ஒருமுறை தடவிக் கொடுத்தார். அக்கா திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கே சந்தோஷமாக இருந்தது.

அந்த ஞாயிறும் வந்தது. வண்டியில் ஓர் எல்லும் பாக்கியில்லை. வீட்டு வாசலில் வெயிலில் மஞ்சளாக நின்றது, மேல்துணி மடிக்கப்பட்டு. தெருவில் எதிர் வீட்டார், பக்கத்து வீட்டார் எல்லாம் காரணமே இல்லாமல் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஓட்டுகிறவர் பக்கம் போனார். சரியான பக்கம்தானா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். பையைத் திறந்து புதிய எல் ஒன்றை எடுத்து ஸ்டியரிங்கின் நடுவில் ஒட்டினார்.

"அங்க என்ன ரிப்பேர் அண்ணி?" என்றார் கொழுந்தனார்.

"அங்க இல்ல. ஓட்டறவ இன்னும் பாஸ் ஆகல."

பக்கத்து சீட்டு காலியாக இருந்தது. அது எனக்குத்தான் என்று நான் தலை வாரிக்கொண்டு வந்திருந்தேன். வீட்டுக் கதவு திறந்தது. கணவர் ஷூ போட்டுக்கொண்டு வந்தார். ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார். பெல்ட்டை இரண்டு முறை இழுத்தும் பார்த்தார்.

வண்டி கிளம்பியது, ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. தெருவில் துடைப்பச் சத்தம்கூட இல்லை. ஊருக்கே சொல்லிக் கொடுத்த டீச்சர் வண்டியை ஆஃப் ஆக விட்டுவிட்டார். அக்காவின் கை ஸ்டியரிங்கில் இறுகியது. எங்களிடம் எத்தனையோ தடவை சொன்னதை, அதே நிதானத்தோடு இப்போது தனக்குச் சொல்லிக்கொண்டார்: "பரவால்ல. மறுபடி."

மறுபடி ஸ்டார்ட் செய்தார். வலது கால் ஒரு நொடி பிரேக்கின் மேலேயே நின்றதை நான் பார்த்தேன். பிறகு நகர்ந்தது. சத்தம் ஜன்னல் கண்ணாடிகளை அதிரவைத்தது. இரண்டு பேரின் தலையும் ஒரே நேரத்தில் பின்னுக்குச் சாய, மஞ்சள் வண்டி தெருவைத் தாண்டிப் போய்விட்டது. கொழுந்தனார் என் தோளில் ஓர் அடி அடித்தார். நானும் திருப்பி அடித்தேன். வண்டி கண்ணுக்குத் தெரியாத இடங்களிலிருந்து சத்தம் மட்டும் வந்தது, முதலில் பெரிய சாலைப் பக்கம், பிறகு மேட்டுப் பக்கம். மேட்டில் சத்தம் கூடியது. குறையவே இல்லை.

சுற்றி வந்து முனையில் திரும்பியபோது அக்காவின் தலைமுடி நாலா பக்கமும் பறந்திருந்தது. பல்லெல்லாம் தெரிந்தது. எங்கள் வாசலுக்கு எதிரே ஒரு வேன் பின்பக்கமாக வந்துகொண்டிருந்ததால் வண்டியை நிறுத்தினார். தாழ்ந்த வண்டி, கூரையும் இல்லை. உள்ளே எல்லாம் நன்றாகத் தெரிந்தது. கணவர் சீட்டில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கால் முழு பலத்தோடு தரையை மிதித்துக்கொண்டிருந்தது.

அக்கா அதைப் பார்த்தார். ஸ்டியரிங்கிலிருந்து எல் ஸ்டிக்கரை நகத்தால் உரித்து, கணவரின் முழங்காலில் ஒட்டி, ஒரு தட்டுத் தட்டினார். வேன் விலகியது. அடுத்த சுற்றுக்குக் கிளம்பிவிட்டார்.