கந்தப்போடியின் இலையில் எந்த மீன்?

அப்பாவைப் பற்றி எழுத யாராவது படித்தவரைப் பிடிப்போம் என்று வீட்டில் சொன்னார்கள். நான் விடவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், உண்மைதான். ஆனால் இந்தக் கல்முனைக் கடற்கரையில் மூன்று ஐஸ் லொறி ஓடவிடுகிறவன். மேல்வீடு கட்டியவன். பிள்ளைகள் இரண்டையும் படிப்பித்து ஆளாக்கியவன். இவ்வளவையும் ஒருவரிடமும் கைநீட்டாமல் செய்தவனுக்கு, பெற்ற தகப்பனைப் பற்றி நாலு பக்கம் எழுதத் தெரியாதா?

என் தகப்பன் பெயர் கந்தப்போடி. எங்கள் பக்கத்தில் போடி என்றால் வயல் நிலம் நிறைய வைத்திருக்கும் பெரிய மனிதர். அப்பாவுக்கு ஒரு வரம்புகூடச் சொந்தமாக இருந்ததில்லை. சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி, ஊர் ஊராக மீன் விற்றவர். வயல்காரர் நிறைந்த வீரமுனைக்குள் அவருடைய சைக்கிள் நுழைந்தால், "போடியார் வாறார், எல்லாரும் எழும்புங்க" என்று பகிடி பண்ணுவார்கள்.

"இருங்க, இருங்க. இந்தப் போகம் என்ர கடல்ல நல்ல விளைச்சல். உங்கட வயல் எப்பிடி?" என்று கேட்பார் இவர்.

விடியும் முன், வெள்ளாப்பிலேயே கரைவலை இழுக்கிற இடத்தில் போய் நிற்பார். மீனை எடுத்து, ஐஸ் போட்டு, சாக்கு நனைத்து மூடிக்கொண்டு கிட்டங்கிப் பக்கமாக மிதிப்பார். சொறிக்கல்முனை, வீரமுனை, பிறகு மாவடிப்பள்ளி என்று ஒரு சுற்றுச் சுற்றி, வெயில் சாயும்போது வீட்டுக்கு வருவார். மழை, காய்ச்சல், ஊர் கெட்டுக் கிடந்த காலம், எதற்கும் அந்தச் சைக்கிள் சும்மா நின்றதில்லை. நான் முதல் லொறியை வாங்கிக்கொண்டு வந்து, "அப்பா, இனி நீங்க வீட்ட இருங்க" என்றேன். ஊரே பார்க்க வந்த லொறி அது. அவர் ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மனே. நீ கொழும்புக்கு மீன் அனுப்பு. மாவடிப்பள்ளிக்கு ஆர் அனுப்புற?" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சைக்கிளை அவர் விடவேயில்லை. பெற்றோல், டீசல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற வருடம், என் மூன்று லொறியும் மதிலோரம் படுத்துக் கிடந்தன. நான் தலையில் கைவைத்துக் குந்தியிருந்தேன். எண்பத்தைந்து தாண்டிய மனிதர் சைக்கிளுக்குக் காற்றடித்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். றப்பர் ஹோனை அமத்தி, "மூண்டு லொறி முதலாளி, பின்னால ஏறு. போற வழியில இறக்கி விடுறன்" என்றார். சிரிக்காமல் சொன்னார். தெருவில் நின்றவர்கள்தான் சிரித்தார்கள்.

அப்படிப்பட்டவர் போன மாதம் ஒரு காலையில் தேத்தண்ணி கேட்டார். மனைவி ஊற்றிக்கொண்டு வருவதற்குள் கதிரையிலேயே தலையைச் சாய்த்துவிட்டார். ஒருவருக்கும் ஒரு கரைச்சலும் வைக்கவில்லை.

எட்டாம் நாள் எங்களுக்கு எட்டுச் செலவு. தலைவாழை இலை விரித்து, போனவர் உயிரோடு இருக்கும்போது விரும்பித் தின்றதையெல்லாம் சமைத்து வைக்க வேண்டும். விருப்பமானது ஒன்று குறைந்தாலும் அவர் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிவிடுவார் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். குறை வைக்க நான் என்ன வக்கில்லாதவனா? கல்முனையில் ஒருவரும் போடாத படையலாகப் போட வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

அதற்கு முதல் நாள் காலையில் மனைவி குசினியிலிருந்து கேட்டாள். "என்னங்க, நாளைக்கு மாமாட இலையில எந்த மீன் வைக்கிற?"

"இதென்ன கேள்வி? நம்மட வீட்டில மீனுக்கா பஞ்சம்?"

"பஞ்சம் எண்டு நான் சொன்னனா? அவருக்கு விருப்பமான மீன் எது எண்டு கேட்டன்."

வாயைத் திறந்தேன். ஒரு பெயரும் வரவில்லை.

"சூரை," என்றான் என் மகன் சுரேஸ். "அப்பப்பாவே சொன்னவர். சூரையை மிஞ்சின மீன் கடல்ல இல்லையாம்."

"உனக்குச் சூரை விருப்பம். அதுக்காகச் சொல்லியிருப்பார்," என்றாள் மகள் விதுசா. "நான் கீரிமீன் பொரியல் தின்னக்குள்ள பக்கத்தில இருந்து, 'இதுதான் என்ர உயிர்' எண்டவர்."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க," என்றாள் மனைவி. "என்ர சுறா வறை எண்டாத்தான் மாமாவுக்கு விருப்பம். கோப்பையில மிச்சம் வைச்சதே இல்ல."

"அவர் எதைத்தான் மிச்சம் வைச்சவர்?" என்று கேட்டாள் விதுசா.

அம்மா வல்லியம்மை இருந்திருந்தால் கேட்டிருக்கலாம். அவர் சீனி வருத்தத்தில் போய்ப் பல வருடம் ஆகிறது. கடலில் உள்ள மீன் அத்தனைக்கும் பெயர் சொல்லும் எனக்கு, என் அப்பா விரும்பித் தின்ற ஒன்றின் பெயர் தெரியவில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை. அவர் பகல் பொழுதெல்லாம் கழித்தது வாடிக்கை வீடுகளில். அங்கே போய்க் கேட்போம் என்று முடிவெடுத்தேன். சுரேசைச் சின்ன லொறியை எடுக்கச் சொல்லிவிட்டு, அப்பாவின் சைக்கிளில் இருந்த றப்பர் ஹோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன்.

சொறிக்கல்முனையில் இமக்குலேற் அக்கா கோயிலுக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறார். கேட்டதும் யோசிக்கவே இல்லை.

"பாரைத் தலை. வேற என்ன? 'இமக்குலேற், இதை நான் தின்னுறதுக்கு எண்டு ஒளிச்சு வைச்ச நான். நீ கேட்டதால தாறன்' எண்டு சொல்லித்தான் தருவார்."

"எப்பவும் அப்பிடிச் சொல்லுறவரா அக்கா?"

"ஓம், பாரை வாற நாளெல்லாம்..." சொல்லி வந்தவர் நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "கள்ள மனுசன்! எவ்வளவு காலமா என்னைப் பேய்க்காட்டி இருக்கிறார்!" சிரித்துக்கொண்டே சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார்.

வீரமுனையில் லொறியை மரத்தடியில் நிறுத்தினோம். எனக்கு என்ன தோன்றியதோ, ஹோனை எடுத்து இரண்டு தரம் அமத்தினேன். பாம், பாம். எதிர் வீட்டுப் படலை திறந்தது. கண் பார்வை குறைந்த கிழவி ஒருவர் சட்டியோடு வந்தார்.

"இவ்வளவு நாளும் எங்க கிடந்த நீங்க, போடியார்? பொஞ்சாதி தேடிப் போன நீங்களோ?"

சுரேஸ் கீழே பார்த்தான். அப்பா போய்விட்டதை நான்தான் சொன்னேன். அவர் சட்டியை மெதுவாக நிலத்தில் வைத்தார்.

"அப்ப இனி நான் ஆரோடகா சண்டை பிடிக்கிற?" என்றார்.

அவரிடமும் கேட்டேன். விளைமீன் என்றார். விளைமீன்தான் அந்தக் கிழவிக்கும் விருப்பமாம்.

மாவடிப்பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் இரண்டு பக்கமும் பச்சை வயல். சுரேஸ் லொறியை மெதுவாக விட்டான். "அப்பா, எல்லா மீனையும் வைச்சிருவம். எது சரியோ அதை அப்பப்பா எடுக்கட்டும்," என்றான். அப்படி வைக்கலாம்தான். மூன்று லொறி வைத்திருப்பவனுக்கு அது ஒரு காரியமா? ஆனால் எல்லாவற்றையும் வைப்பது கடைக்காரன் வேலை. மகன் என்றால் எது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த ரோட்டில்தான் அவர் தனியாக மிதித்துக்கொண்டு வந்திருப்பார். பெட்டி காலியாகி, பசியோடு. அப்போது மனதில் என்ன சாப்பாட்டை நினைத்திருப்பார்? ஒருநாள், ஒரேயொரு நாள், அந்தச் சைக்கிளின் பின்னால் ஏறி இருந்து கேட்டிருக்கலாம் போல இருந்தது.

மாவடிப்பள்ளியில் கடைசி வீடு றுகையா ராத்தாவுடையது. அவர் புதுப் பெண்ணாக இருந்த காலத்திலிருந்து அப்பாவிடம் மீன் வாங்குகிறவர். முழங்கால் வருத்தத்தோடு கதவைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"வாங்க தம்பி. செய்தி வந்த. வரத்தான் ஏலாமப் போச்சி. இரிங்க."

நான் வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் என்னைப் புதினமாகப் பார்த்தார்.

"மீனா? போடியாருக்கா? எங்கட ஊட்டுல அவர் மீன் தின்னதே இல்லியே."

"என்ன ராத்தா சொல்லுறீங்க?"

"பகல் பெட்டி முடிஞ்சா இங்கதான் வருவாரு. கிணத்தடியில கைய சவுக்காரம் போட்டுத் தேய் தேய் எண்டு தேய்ப்பாரு. அப்புறம் 'தங்கச்சி, மீன் மணக்காத சோறு ஒரு பிடி தா' எண்டு செல்லுவாரு. ரெண்டு முட்ட ஒடைச்சி, வெங்காயமும் கொச்சிக்காயும் போட்டுப் பொரிச்சிக் குடுப்பன். ஓரம் கருகணும் அவருக்கு. கருகல்லெண்டா திருப்பித் தந்திடுவாரு."

எனக்குக் கோபம் வந்தது. "ராத்தா, எங்கட அப்பா மீன்காரன். கல்முனைக் கடல் முழுக்க அவர்ர பெட்டிக்குள்ளால போயிருக்கு. அவருக்கு முட்டையா?"

"பொய் செல்லி எனக்கு என்ன வரப்போகுது? நானும் கேட்டன், 'ஏன் போடியார், ஊட்ட முட்ட பொரிக்கச் செல்லுங்களன்' எண்டு. அதுக்கு அவர் செல்லுவாரு, 'அவள் விக்காத மீனையெல்லாம் விதம் விதமாக் காய்ச்சி வைச்சிட்டு, நான் தின்னு முடியுமட்டும் முன்னுக்கு இருந்து என்ர முகத்தையே பாத்துக்கிட்டு இருப்பாள். அந்த முகத்தப் பாத்து முட்ட கேக்கேலுமா தங்கச்சி' எண்டு."

அம்மா அப்படித்தான் இருப்பார். சுவரில் சாய்ந்து, கால் நீட்டி, அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு. "எப்பிடி இருக்கு?" என்று கேட்பார். "இதுக்கு மேல ஒரு கறி இல்ல வல்லி" என்பார் அப்பா. நான் பிறந்ததிலிருந்து கேட்ட பேச்சு. அம்மா போன பிறகு என் மனைவியிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் மீன் இருக்கும்போது ஒருவர் முட்டை பொரித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

புறப்படும்போது றுகையா ராத்தா கோழிக்கூட்டுக்குள் கைவிட்டு, ஊர்க்கோழி முட்டைகளை எடுத்து, அரிசி அளக்கும் ஒரு சுண்டில் தவிடு போட்டு அதில் வைத்துத் தந்தார்.

"கடையில வாங்கின முட்ட அவருக்குப் பிடிக்காது," என்றார்.

வழியெல்லாம் அந்தச் சுண்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சுரேஸ் ஒவ்வொரு பள்ளத்துக்கும் லொறியை ஊர விட்டான்.

அடுத்த நாள் மாலை கை நீளத்தில் அறுக்குளா வந்தது. நாட்டில் இருந்த மீனெல்லாம் வந்தது. சொந்தக்காரர் நிறைந்துவிட்டார்கள். நான் நினைத்த மாதிரியே, இப்படி ஒரு படையல் பார்த்ததில்லை என்று நாலு பேர் சொன்னார்கள். அதைக் கேட்டுவிட்டுக் குசினிக்குள் போனேன். அடுப்படியை எட்டிப் பார்க்காத ஆள் நான். தாச்சியை வைத்து, வெங்காயம் வெட்டி, முட்டையை நானே உடைத்து ஊற்றினேன். மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

"எடுங்க, எடுங்க, ஓரம் கருகுது!"

"கருகட்டும்."

இலையின் நடுவில் இருந்த அறுக்குளாவை ஒதுக்கிவிட்டு, முட்டைப் பொரியலை அங்கே வைத்தேன். "என்ன அத்தான், முட்டையைப் போய் நடுவில வைக்கிறீங்க? உங்கட தகுதிக்கு?" என்று மச்சான் ஒருவர் கேட்டார். "என்ர தகுதி எனக்குத் தெரியும். நீ தேங்காயை உடை" என்றேன்.

படைத்த பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் முற்றத்துக்குப் போய்விடுவது எங்கள் வழக்கம். வந்தவர் கூச்சம் இல்லாமல் சாப்பிட வேண்டும். எல்லோரும் போனார்கள். நான் போகவில்லை. கதவை உள்ளே இருந்து சாத்திக்கொண்டு, அம்மா இருப்பதுபோல் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, இலைக்குப் பின்னால் வைத்திருந்த அப்பாவின் படத்தில் இருந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். படத்திலும் அவர் பகிடி விட்டு முடித்தவர்போலத்தான் இருந்தார். முட்டையின் ஆவி கொஞ்ச நேரம் மேலே போனது. பிறகு நின்றுவிட்டது.

எப்பிடி இருக்கு அப்பா என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. இதுக்கு மேல ஒண்டு இல்ல மனே என்றுதான் சொல்வார். மீனுக்கும் அப்படித்தானே சொன்னார். அதனால் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தேன். வெளியே இருந்து மனைவி கதவைத் தட்டும் வரைக்கும் பார்த்தேன். தட்டிய பிறகும் கொஞ்ச நேரம் பார்த்தேன்.